பழைய கட்டளையை அழிப்பதற்கு முன்

விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற இடங்களுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: “சார், எனக்கு சி மொழி சரியாக வராது. ஆவணத்தில் பழசாகிப்போனதைத் திருத்துகிற வேலை இருந்தால் சொல்லுங்கள்.” நல்ல எண்ணம்தான். ஆனால் ஆவண வேலை என்றால் சுலபம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கணினியைக் கிளப்பிவிடும் பூட்லோடர் விஷயத்தில் அது செல்லாது. பூட்லோடர் கையேட்டை யாரும் பொழுதுபோகாமல் படிப்பதில்லை. கணினி கிளம்பவில்லை, கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் நிற்கிறது, மறுநாள் காலை ப்ராஜெக்ட் காட்ட வேண்டும். அந்த நேரத்தில்தான் யாருடைய போனையாவது வாங்கி அதைத் திறக்கிறார்கள். எதை எழுதியிருக்கிறீர்களோ அதை அப்படியே தட்டுவார்கள். ஆகவே தம்பி தங்கைகளே, கை வைப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். கிரப் என்ற பூட்லோடரை வைத்தே சொல்கிறேன். நம்மில் பலர் பார்த்துப் பழகியது அதுதான்.

1. எந்த கிரப் என்று கேட்காமல் ஒரு வரியையும் தொடாதீர்கள்.

எரிக் போலின் 1995இல் தொடங்கி, 1999இல் குனு திட்டத்துக்குள் வந்த கிரப், 0.97 என்ற பதிப்போடு 2005இல் நின்றுவிட்டது. அதைத்தான் ‘கிரப் லெகசி’ என்கிறோம். இன்று ஓடுவது அடியிலிருந்து மறுபடி எழுதிய கிரப் 2. அதன் 2.00 பதிப்பு வந்தது 2012 ஜூனில். டெபியன் அதுவரை காத்திருக்கவில்லை. 2011 பிப்ரவரியில் வந்த வெளியீட்டிலேயே, 1.98 நிலையில் இருந்த கிரப் 2ஐ இயல்பாக வைத்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. விண்டோஸோடு, டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. நம் பக்கத்தில் பல வீடுகளுக்கு முதல் கணினி அதுதான். ‘எந்த இயங்குதளம் வேண்டும்?’ என்று கேட்கும் கிரப் பட்டியலைப் பலர் முதலில் பார்த்ததும் அதில்தான்.

அந்தச் சில ஆண்டுகளில் எழுதிய குறிப்புகளில் இரண்டு கிரப்பும் கலந்து கிடக்கும். பெயர் ஒன்று, நிரல் இரண்டு. ‘மெனு.எல்எஸ்டி’ என்ற கோப்பைப் பற்றிப் பேசினால் அது லெகசி. ‘கிரப்.சிஎஃப்ஜி’ என்றால் கிரப் 2. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால், அந்தப் பக்கத்தை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தே தீர வேண்டும்.

2. பெயர் மாறியதைவிட எண் மாறியதற்குப் பயப்படுங்கள்.

பழைய ‘கெர்னல்’ கட்டளை இப்போது ‘லினக்ஸ்’. பழைய ‘ஃபைண்ட்’ செய்த வேலையை இப்போது ‘சர்ச்’ செய்கிறது. ‘செட்டப்’ என்று கிரப்புக்குள்ளேயே தட்டியதை, இப்போது லினக்ஸ் முனையத்தில் ‘கிரப்-இன்ஸ்டால்’ என்று தட்டுகிறோம். எம்டி5 கடவுச்சொல் போய் ‘பாஸ்வேர்ட்_பிபிகேடிஎஃப்2’ வந்துவிட்டது. ‘கெர்னல்’, ‘ஃபைண்ட்’, ‘செட்டப்’ என்ற பழைய பெயர்களைத் தட்டினால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று கிரப் சொல்லிவிடும். எரிச்சல் வரும், ஆபத்து இல்லை.

ஆபத்து பார்ட்டிஷன் எண்ணில் இருக்கிறது. லெகசியில் வட்டும் பார்ட்டிஷனும் இரண்டுமே 0இலிருந்து எண்ணப்பட்டன. கிரப் 2இல் வட்டு இன்னும் 0இலிருந்துதான். பார்ட்டிஷன் மட்டும் 1இலிருந்து. பழைய குறிப்பில் ‘(எச்டி0,1)’ என்றால் முதல் வட்டின் இரண்டாம் பார்ட்டிஷன். புதியதில் அதே ‘(எச்டி0,1)’ முதல் வட்டின் முதல் பார்ட்டிஷன். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, பிழைச் செய்தியும் வராது. வேறு இடத்துக்குப் போய் நிற்கும். இதனால்தான், ‘ரூட்’ என்று இருப்பதை எல்லாம் ‘செட் ரூட்’ என்று ஒரே மூச்சில் தேடி மாற்றும் ஆட்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கட்டளை புதுசு, எண் பழசு என்ற அரைகுறைத் திருத்தம், திருத்தாத பக்கத்தைவிட மோசம். திருத்தாத பக்கமாவது தான் பழசு என்று முகத்திலேயே காட்டிக்கொள்கிறது. முடிந்தால் ‘(எச்டி0,எம்எஸ்டாஸ்1)’ அல்லது ‘(எச்டி0,ஜிபிடி1)’ என்று பார்ட்டிஷன் அட்டவணையின் வகையையும் சேர்த்தே எழுதுங்கள். படிப்பவருக்கு இது எந்தக் காலத்துக் குறிப்பு என்பதும் தெரிந்துவிடும்.

3. கையேட்டை வைத்துக் கையேட்டைத் திருத்தாதீர்கள்.

ஒரு கட்டளை உயிரோடு இருக்கிறதா என்பதை மூல நிரல்தான் சொல்லும். கிரப்பின் கையேடு டெக்ஸ்இன்ஃபோ வடிவில் ஒரே பெரிய கோப்பாக இருக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் ‘டெஃப்என்’ என்று தொடங்கும் வரி உண்டு. மூல நிரலில் கட்டளைகள் பதிவாகும் இடங்களில் ‘கிரப்_ரெஜிஸ்டர்_கமாண்ட்’, ‘கிரப்_ரெஜிஸ்டர்_எக்ஸ்ட்சிஎம்டி’ என்ற அழைப்புகள் இருக்கும். கிட் கிரெப் போட்டு இரண்டையும் தனித்தனிப் பட்டியலாக எடுங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கையேட்டில் இருந்து நிரலில் இல்லாதது உங்கள் சந்தேகப் பட்டியல். நிரலில் இருந்து கையேட்டில் இல்லாதது அடுத்த வேலை. இதற்கு சி எழுதத் தெரிய வேண்டாம். படிக்கக் கொஞ்சம் தைரியம் இருந்தால் போதும்.

சந்தேகப் பட்டியலில் உள்ள எதையும் உடனே அழிக்கவும் வேண்டாம். கிட் லாகில் அந்தப் பெயரைக் கொடுத்து, எந்த மாற்றத்தில் அது போனது, போட்டவர் என்ன காரணம் எழுதினார் என்று பாருங்கள். பெயர் மட்டும் மாறியிருக்கலாம், வேலையே தேவையில்லாமல் போயிருக்கலாம், வேறு கட்டளைக்குள் கரைந்திருக்கலாம்.

4. ‘லெகசி’ என்று தொடங்குவதெல்லாம் செத்ததல்ல.

‘லெகசி_கான்ஃபிக்ஃபைல்’, ‘லெகசி_கெர்னல்’ போன்ற கட்டளைகள் கிரப் 2இல் இருக்கின்றன. பழைய மெனு.எல்எஸ்டி கோப்பைப் புதிய கிரப் படித்துக்கொள்வதற்காகவே அவற்றை எழுதினார்கள். பெயரைப் பார்த்துக் குப்பை என்று நினைத்து நீக்கினால், பழைய இயந்திரத்தை வைத்திருப்பவரின் ஒரே வழியை நீங்கள் அடைத்துவிடுவீர்கள்.

5. பழைய பெயரை அழித்தாலும் அது போன வழியை விட்டுவையுங்கள்.

சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் திருச்சி போகும் சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 45. 2010இல் எண்களை மாற்றினார்கள். இப்போது திண்டிவனம் வரை 32, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை 132, அதற்கப்பால் 38. ஆனாலும் வழி சொல்பவர்கள் பலர் இன்னும் 45 என்கிறார்கள். பழைய எண்ணைக் கேட்டு வருகிறவருக்கு ‘அதுதான் இது’ என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டளைக்கும் அதே நிலைதான். கணினி கிளம்பாமல் தவிப்பவர் பழைய பெயரைப் போட்டுத்தான் தேடுவார். அந்தப் பெயர் கையேட்டில் எங்குமே இல்லை என்றால், பதினைந்து வருடப் பழைய குறிப்பு ஒன்றில் போய் விழுவார். கிரப் கையேட்டில் லெகசிக்கும் 2க்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல ஒரு பகுதியே இருக்கிறது. நீக்கிய பெயர் போய்ச் சேர வேண்டிய இடம் அது. ‘முன்பு இது, இப்போது அது’ என்று ஒரு வரி போதும்.

6. டெபியன் பழக்கத்தை கிரப்பின் விதி என்று நினைக்காதீர்கள்.

‘அப்டேட்-கிரப்’ டெபியன், உபுண்டு குடும்பத்தின் வசதி. உள்ளே அது ‘கிரப்-எம்கேகான்ஃபிக்’கைத்தான் கூப்பிடுகிறது. ஃபெடோராவில் ‘கிரப்2-எம்கேகான்ஃபிக்’. எல்லாமே அவரவர் வீட்டில் சரி. ஒன்றைப் பழசு என்று சொல்லி இன்னொன்றைப் போடாதீர்கள்.

7. கட்டளை மட்டுமல்ல, அமைப்பு மாறிகளும் பழசாகும்.

‘கிரப்_ஹிடன்_டைம்அவுட்’ வழக்கொழிந்து ‘கிரப்_டைம்அவுட்_ஸ்டைல்’ வந்தது ஒரு சின்ன விஷயம். நம் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியது இன்னொன்று. 2021இல் வந்த 2.06 பதிப்பில், வட்டிலுள்ள மற்ற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ்-ப்ரோபர்’ இயல்பாகவே நிறுத்திவைக்கப்பட்டது. எல்லாப் பார்ட்டிஷனையும் தானாகத் திறந்து பார்ப்பது தாக்குதலுக்கு வழியாகலாம் என்பது காரணம். விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருந்தவர்கள் மேம்படுத்தியதும் பட்டியலில் விண்டோஸைக் காணவில்லை. வட்டே போயிற்று என்று பயந்து விண்டோஸை மறுபடி நிறுவி, லினக்ஸைத் தொலைத்தவர்கள் உண்டு. தேவையானது ‘கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்’ மாறிக்கு ‘ஃபால்ஸ்’ என்று கொடுத்து, பட்டியலை மறுபடி உருவாக்குவது மட்டும்தான். ‘அப்டேட்-கிரப் போட்டால் விண்டோஸ் தானாக வந்துவிடும்’ என்று எழுதிய குறிப்புகளில் கட்டளை எதுவும் தப்பில்லை. அந்த வாக்கியம்தான் பழசாகிவிட்டது. இப்படிப்பட்டதைக் கண்டுபிடிக்க எந்தத் தேடல் கருவியாலும் முடியாது, படித்துத்தான் பார்க்க வேண்டும்.

8. ஓட்டிப் பார்க்காத கட்டளையை எழுதாதீர்கள். ஆனால் நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் ஓட்டாதீர்கள்.

‘கிரப்-எம்கேரெஸ்க்யூ’வைக் கொண்டு ஒரு ஐஎஸ்ஓ உருவாக்குங்கள், அதற்கு க்ஸாரிசோவும் எம்டூல்ஸும் நிறுவியிருக்க வேண்டும். க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் இயந்திரத்தில் அதை ஓட்டினால் கிரப் முனையம் வரும். எத்தனை முறை கெடுத்தாலும் மூடித் திறந்தால் சரியாகிவிடும். அங்கே ‘ஹெல்ப்’ என்று தட்டினால் அந்தக் கிரப் அறிந்த கட்டளைகள் எல்லாம் வரிசையாக வரும்.

9. சிறிதாக அனுப்புங்கள்.

ஒரு திருத்தத்தில் ஒரு விஷயம். என்ன மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் என்பதை எழுதுங்கள்: எந்தப் பதிப்பில் கட்டளை போனது, எதில் சோதித்தீர்கள். ‘சைன்டு-ஆஃப்-பை’ வரியில் உங்கள் பெயர் போகட்டும். எழுத்துப்பிழைத் திருத்தத்தையும் கட்டளைத் திருத்தத்தையும் கலக்காதீர்கள்; பராமரிப்பவர் இரண்டையும் சேர்த்தே தள்ளிவைப்பார்.

கிரப்பின் ஒற்றைப் பெரிய கோப்பு மிரட்டினால் யூ-பூட் பக்கம் போங்கள். போர்டுகளிலும் ரௌட்டர்களிலும் ஓடும் பூட்லோடர் அது. அங்கே பல கட்டளைகளுக்குத் தனித்தனிக் கோப்பு இருக்கிறது. ஒரு கட்டளையை எடுத்தால் ஒரு கோப்போடு வேலை முடிந்தது. 2009இல் ‘ஆட்டோஎஸ்சிஆர்’ கட்டளையின் பெயர் ‘சோர்ஸ்’ என்று மாறியது; பழைய போர்டு குறிப்புகளில் முந்தைய பெயரை இன்றும் பார்க்கலாம். தொடங்குகிறவர்களுக்கு யூ-பூட்டே மேல் என்பது என் கட்சி.

10. தமிழில் எழுதினால் தலைப்பிலேயே பதிப்பு எண் போடுங்கள்.

2012 ஜனவரியில் கணியம் இதழ் தொடங்கியதிலிருந்து தமிழில் லினக்ஸ் குறிப்புகள் நிறையச் சேர்ந்திருக்கின்றன. பல இன்னும் பயன்படுகின்றன. எது இன்றைக்குப் பொருந்தும் என்று பார்த்ததும் தெரியும்படி, கிரப்பின் பதிப்பையும் சோதித்த மாதத்தையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

வீட்டு அலமாரியில் அந்த அரசு மடிக்கணினி இன்னும் கிடந்தால் எடுத்துச் சார்ஜ் போடுங்கள். கிளம்பினால், ‘கிரப்-இன்ஸ்டால்’ கட்டளையோடு வெர்ஷன் கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டிலிருந்து ஒரே ஒரு கட்டளையை எடுத்து, அதிலும் க்யூஇஎம்யூவில் புதிய கிரப்பிலும் சோதித்துப் பார்த்து, உங்கள் முதல் திருத்தத்தை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.