வரி அதிகாரி என்று வரும் குரல்

வருமான வரி அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒருவன் தொலைபேசியில் சொல்லி, கணக்கில் குற்றமிருக்கிறது, ஒரு மணி நேரத்தில் பணம் அனுப்பாவிட்டால் கைது என்று மிரட்டினால், மானத்துக்கு அஞ்சிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது ஆகுமா என்று செம்பரம்பாக்கத்திலிருந்து சகோதரர் ஒருவர் கேட்டிருக்கிறார். சிறு கடை நடத்துகிறவர். கையிலிருப்பது ஹஜ்ஜுக்கென்று சேர்த்த தொகையாம். இன்னும் கொடுக்கவில்லை, அல்ஹம்து லில்லாஹ்.

அல்-ஹுஜுராத் சூராவின் 6ஆவது ஆயத்தில், நம்பத்தகாதவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரித்துக்கொள்ளும்படி அல்லாஹு தஆலா முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறான். அந்த ஆயத் இறங்கிய சந்தர்ப்பத்தை அநேகர் கவனிப்பதில்லை. அதுவும் வசூல் சம்பந்தப்பட்டதே! பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்டவர் வழியிலேயே திரும்பி வந்து, அவர்கள் கொடுக்க மறுத்துவிட்டதாகச் சொன்னார். விசாரித்ததில் அவர்கள் மறுக்கவேயில்லை என்று தெரிந்தது. முஃபஸ்ஸிர்களில் பெரும்பாலோர் இவ்வாறே எழுதுகின்றனர். பெருமானார் (ஸல்) அவர்களே அனுப்பிய வசூல்காரரின் சொல்லையும் விசாரிக்கச் சொன்ன மார்க்கம், முகம் தெரியாத குரலுக்குப் பணிந்து பணம் கொடுக்கச் சொல்லுமா?

விசாரிக்கும் வழியும் எளிதுதான். 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித்துறை அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண் மெய்யானதா என்று துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். வரிப் பணம் அரசாங்கக் கணக்குக்குச் செல்லுமே தவிர, எவனோ ஒருவனுடைய கணக்குக்கு அன்று. கேட்டவுடன் தொலைபேசியை வைத்துவிட்டு, கணக்குப் பார்ப்பவரிடமோ வரி அலுவலகத்திலோ கேட்பது அரசாங்கத்தை எதிர்ப்பதாகாது. ‘வீட்டில் எவரிடமும் சொல்லாதே’ என்று அவன் சொன்னால், முதலில் வீட்டாரிடம்தான் சொல்ல வேண்டும். பணம் போய்விட்டிருந்தாலோ, தாமதியாமல் 1930 என்ற எண்ணில் முறையிட்டால் அது கைமாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. வெட்கத்தால் இரண்டு நாள் மறைத்தால் அந்த வாய்ப்பும் போகும்.

மெய்யான அநியாயத்தைத் தடுக்க வேறு வழியின்றிக் கொடுப்பதை ஃபுகஹாக்கள் அனுமதித்திருக்கின்றனர். இங்கோ அநியாயக்காரன் காட்டும் சிறைச்சாலையே கற்பனை. ஆகவே அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் யார்? பல சமயம் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்த வாலிபர்கள். 2016 அக்டோபரில் மும்பையை அடுத்த மீரா ரோட்டில் தாணே போலீஸார் கால் சென்டர்களைச் சோதனையிட்டபோது 700க்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். அமெரிக்க வரி அதிகாரிகளாக நடித்து, அந்நாட்டு மக்களை மிரட்டிப் பணம் பறித்த நிலையங்கள் அவை. எழுதிக் கொடுத்ததைப் படித்தோம், அவ்வளவுதான் என்பது மார்க்கத்தில் செல்லாது. பாவத்துக்குப் பெறும் கூலியும் ஹராமே.

‘முஸ்லிம் அல்லாதவருடைய பணம்தானே’ என்று ஒருவர் நம்மிடமே கேட்டார். முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் இஸ்லாத்துக்கு வருமுன், தம்முடன் பயணம் செய்த முஷ்ரிக்குகளைக் கொன்று, அவர்களுடைய பொருளை எடுத்து வந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் முகீராவின் இஸ்லாத்தை ஏற்றார்கள். அந்தப் பொருளை ஏற்கவில்லை. புகாரி ஷரீஃபில் ஹுதைபிய்யா உடன்படிக்கை பற்றிய ஹதீஸில் இது வருகிறது. ஆகவே இவ்விதம் பறித்த பணத்தை உரியவருக்கோ அவருடைய வாரிசுக்கோ திருப்பிக் கொடுப்பது கடமை. உரியவரைக் கண்டுபிடிக்கவே முடியாதபோது, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.