சைக்கிள் ஆசனம்: மென்மை வேறு, சௌகரியம் வேறு

பத்தாம் தரத்தில் இருந்தபோது, பின்னேர வகுப்புக்கு இனிப் போகமாட்டேன் என்று உம்மாவிடம் சொன்னேன். பாடம் விளங்கவில்லை என்று காரணம் கூறினேன். அது பொய். சைக்கிளில் இருபது நிமிடம் போனால் அமரும் இடம் வலித்து மரத்துவிடும். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. உம்மா துருவிக் கேட்ட பிறகே வாய்திறந்தேன்.

வாப்பா உடனே தடித்த ஸ்பொஞ் உறையொன்று வாங்கி மாட்டினார். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. ஏன் என்று தேடியபோதுதான் விடயம் விளங்கியது.

அமரும்போது உடற்பாரத்தைத் தாங்கவேண்டியவை இடுப்பென்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள். ஆசனம் அளவுக்கு மீறி மென்மையானால் அவை புதைந்துவிடும். நடுவிலுள்ள மென்மையான பகுதி அழுத்தப்படும். அங்குள்ள நரம்புகளும் குருதிக்குழாய்களும் நெரிபடுவதாலேயே மரத்துப்போகிறது.

அம்முனைகளுக்கு இடைப்பட்ட தூரம் ஆளுக்காள் வேறுபடும். பெண்களுக்குச் சராசரியாகச் சற்று அதிகம். அதை வீட்டிலேயே அளக்கலாம். கடினமான வாங்கில் காட்போட் மட்டைத் துண்டொன்றை வைத்து, அதன்மேல் அழுந்த அமர்ந்து எழும்புங்கள். இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையே அளவுகோலை வையுங்கள். எனக்கு 13 செ.மீ. வந்தது. என் சைக்கிளிலோ நானாவின் பழைய சைக்கிளிலிருந்து கழற்றிப் பூட்டிய ஒடுங்கிய ஆசனம்!

ஓட்டும் நிலையையும் பார்க்கவேண்டும். பந்தய சைக்கிளில் முன்னே குனிந்திருப்பதால் பாரத்தில் ஒரு பங்கைக் கைகள் ஏற்கும். அதற்கு ஒடுங்கிய, நீண்ட ஆசனம் பொருந்தும். லேடீஸ் சைக்கிளில் நிமிர்ந்து அமர்கிறோம்; பாரத்தின் பெரும்பங்கு ஆசனத்தில்தான் இறங்கும். ஆகவே அளந்த தூரத்தைவிட 3, 4 செ.மீ. ஆவது அகலமான, ஓரளவு உறுதியான ஆசனம் வேண்டும். கீழே சுருள்வில் இருந்தால் குழிகளில் அதிர்வு குறையும்.

பூட்டும் முறையும் முக்கியம். ஆசனம் மட்டமாக இருக்கட்டும். மூக்கு மேலே தூக்கினால் முன்புறம் அழுத்தும். தாழ்ந்தால் முன்னே வழுக்கிக் கைகள் நோகும். உயரத்துக்கு, பெடல் கீழே இருக்கையில் குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீள்வதே சரியான அளவு.

ஆசனத்தை மாற்றி அடுத்த வாரமே வகுப்புக்குத் திரும்பினேன். தங்கைமாரே, வலித்தால் வீட்டில் சொல்லுங்கள். பெற்றோரே, பிள்ளை திடீரென்று சைக்கிளை வெறுத்தால், ஏசுவதற்கு முன் ஆசனத்தை ஒருமுறை பாருங்கள்.