காலை ஐந்தரைக்கு எழப்போவது யார்?

நாய் வளர்க்கலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் முதலில் செல்போனில் ஒரு படத்தை நீட்டுவார்கள். அழகாகத்தான் இருக்கும். நான் கேட்பது ஒன்றுதான்: காலை ஐந்தரைக்கு எழுந்து அதை வெளியே கூட்டிப்போகப்போவது யார்? வீட்டில் ஒருவர் பெயர் சட்டென்று வந்தால் மேற்கொண்டு பேசலாம். "எல்லாருமா சேர்ந்து பாத்துக்குவோம்" என்றால் மீன் தொட்டி வாங்கச் சொல்லிவிடுவேன்.

நம் ஊரில் வழி மூன்று. வெளிநாட்டு இனங்கள் ஒன்று. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்ற நம் பக்கத்து இனங்கள் இன்னொன்று. தெருவில் பிறந்த குட்டி மூன்றாவது.

வெளிநாட்டு இனங்களில் ஹஸ்கியையும் பக்கையும் முதலிலேயே கழித்துவிடுவேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு ரோமம். பக்குக்கோ முகமே சப்பை, மூச்சு விடுவதே பாடு. கத்திரி வெயில் இரண்டுக்கும் தண்டனை. லேப்ரடார் அப்படியல்ல, பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும், ஒரு தின்பண்டத்துக்காகச் சொன்னதையெல்லாம் செய்யும். வினையும் அதே வாயில்தான். கொடுக்கக் கொடுக்கத் தின்று பெருக்கும். இடுப்பு மூட்டுக் கோளாறு வரக்கூடிய இனத்துக்கு அந்தக் கனம் ஆகாது. அளந்து போடக் கை வருமென்றால் எடுங்கள்.

நம் இனங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். 2005இல் ராஜபாளையத்துக்கு அஞ்சல் தலையே வந்தது. ஆனால் பெருமைக்காக வாங்கினால் கஷ்டப்படுவது நாய்தான். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் விரட்டிய வேட்டை நாய்கள். கண்ணில் ஒன்று ஓடினால் காது அடைத்துவிடும். சொல்பேச்சு கேட்கவில்லை என்று அடிக்காதீர்கள், அது அதன் பிறவிக் குணம். அதட்டினால் முரண்டு பிடிக்காது, சுருங்கிப்போகும். வேலி போட்ட இடத்தில் தினமும் ஓடவிட முடிந்தவர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. வீட்டுக்குள் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் படுத்துக்கிடக்கும். விலா எலும்பு தெரிவதைப் பார்த்து, "நாய்க்குச் சோறே போடுறதில்லையா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அதைக் கேட்டுக் கூடுதலாகப் போட்டுவிடாதீர்கள்.

ராஜபாளையத்தில் பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது. அந்த நிறமின்மையோடு செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளுக்கு வரும். வாங்கும்முன் குட்டி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தரையைத் தட்டிப் பார்க்காதீர்கள், காது கேளாத குட்டியும் அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். கோம்பை காவலுக்குக் கெட்டி. வீட்டுக்காரர்களிடம் உயிரையே வைக்கும், புதியவர்களை நம்பாது. முதல் நாயாக அதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுக்குமாடி வீடு, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், ஆனால் காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் நடக்கத் தயார் என்றால் நான் தெருக் குட்டிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். என் வீட்டில் இருப்பதும் அதுதான். இந்த வெயிலிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துவந்த உடம்பு. முடி உதிர்வதும் குறைவு. எவ்வளவு பெரிதாகும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கடிக்கும் பலத்தை அளக்கப் பழகுவதே உடன்பிறந்தவற்றோடு புரண்டு விளையாடும்போதுதான். குட்டியோடு மல்லுக்கட்டப் பொறுமையில்லையா? காப்பகத்தில் இரண்டு மூன்று வயது நாயாகப் பாருங்கள். அதன் குணம் அதற்குள் தெரிந்துவிட்டிருக்கும்.

எதை எடுத்தாலும் தடுப்பூசியில் சமரசம் கூடாது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். தவறவிட்டால் பார்வோ என்னும் வைரஸ் நோய் வாந்தியும் ரத்தப்பேதியுமாக இரண்டொரு நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதம், பிறகு ஆண்டுதோறும். ஊசி முடியட்டும் என்று குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டிவைப்பதும் தப்பு. உலகத்துக்குப் பழகும் பருவம் பதினான்கு வாரத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. கீழே விடாமல் கையில் தூக்கிக்கொண்டு ஆட்டோ சத்தம், குடை, சீருடைப் பிள்ளைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். குக்கர் விசில் அடிக்கும்போது ஒரு கோழித்துண்டு கொடுங்கள். தீபாவளிக்கு அப்புறம் புரியும்.

பழக்குவதில் நாயைவிட வீட்டுக்காரர்களைத் திருத்துவதுதான் பெரும்பாடு. அம்மா "உக்காரு" என்பார், மகன் "சிட்" என்பான், தாத்தா "டேய் சும்மா இரு" என்பார். ஒரே சொல்லை எல்லாரும் சொல்லுங்கள். "வா" என்று கூப்பிட்டுத் திட்டாதீர்கள், அடுத்த முறை வராது. மூத்திரம் போன இடத்தில் மூக்கைத் தேய்ப்பதால் ஒரு பயனும் இல்லை. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோங்கள். மூத்திரம் போனவுடன் அந்த இடத்திலேயே பரிசு கொடுங்கள்.

வெறும் தயிர்ச்சோறு போதாது. முட்டையோ கோழியோ வேண்டும். வெந்த எலும்பு கூடாது, ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம்.

குட்டியைக் கொண்டுவரப் போகும்போது ஒரு பழைய துண்டை எடுத்துப்போய்த் தாய்மேல் தேய்த்து வாங்கி வாருங்கள். முதல் இரவு அழும். துண்டைப் பக்கத்தில் போட்டு, உங்கள் கட்டிலுக்கு அருகிலேயே படுக்கவையுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை வெளியே கூட்டிப்போக வேண்டியிருக்கும், செருப்பை வாசலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.