செயலி வாங்கும் முன் எண்களைப் படிப்போம்

"24 கோர், 6 கிகாஹெர்ட்ஸ்" என்று கடைக்காரர் அடுக்கினால் சும்மா தலையாட்டாதீங்க. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாத கணக்கில்லை. 1972 முதல் பினாங்கில் ஆலை நடத்தும் இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ9-14900கே செயலியையே பாடமாக எடுத்துக்குவோம்.

கோர்: கொழுந்து பறிக்கும் ஆள் மாதிரி. மொத்தம் 24. அதில் 8 வேகமானவை. 16 மெதுவானவை, ஆனால் மின்சாரத்தை மிச்சப்படுத்தும்.

திரெட்: வேகமான எட்டும் ஒரே நேரத்தில் இரண்டிரண்டு வேலை பார்க்கும். 16-உம் 16-உம் சேர்த்து 32.

கிகாஹெர்ட்ஸ்: கை வேகம். 6.0 என்பது ஓரிரு கோர்கள் கொஞ்ச நேரம் தொடும் உச்சம். 24-உம் அப்படி ஓடாது.

கேச்: முதுகுக் கூடை. 36 எம்பி. கூடை பெரிசா இருந்தா நிறுவைக்கு அடிக்கடி நடக்க வேண்டாம்.

வாட்: சாதாரணமாக 125, உச்சத்தில் 253. மலைக் குளிர் இருக்கேன்னு விட்டுடாதீங்க. இதன் பெட்டியில் குளிர்விப்பான் வராது, தனியா வாங்கணும்.

கடைசி எழுத்து: 'கே' என்றால் வேகத்தை நாமே கூட்டலாம். 'எஃப்' இருந்தால் கிராஃபிக்ஸ் அட்டைக்கும் தனிச் செலவு.

பள்ளிப் பாடத்துக்கும் இணைய வகுப்புக்கும் ஐ3, ஐ5 போதும். அப்பா அம்மா தோட்டத்தில் உழைச்சுச் சேர்த்த பணம். எண்ணைப் பார்த்து மயங்காம, தேவையைப் பார்த்து வாங்குவோம்.

பயிற்சி: உங்கள் வீட்டுக் கணினியின் செயலிப் பெயர், கோர், வாட் மூன்றையும் எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாங்க.