அப்டேட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி: வெர்ஷன், பேட்ச், பில்டு எது எது?

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு ட்ரில்லிங் ஃபிக்ஸ்சர். டிசைனை முடிச்சு, பென்டிரைவ்ல போட்டுக்கிட்டு குந்தாரப்பள்ளி பக்கத்துல இருக்கிற ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்குப் போனோம். அன்னைக்கு வெள்ளிக்கிழமை. சந்தைக்கு வந்த ஆட்டு வண்டிகளைத் தாண்டிப் போகவே நேரம் ஆயிடுச்சு. பட்டறை அண்ணா ஃபைலைக் கிளிக் பண்ணினார். புது வெர்ஷன்ல சேவ் பண்ணின ஃபைல், திறக்க முடியாதுன்னு மெசேஜ் வந்தது.

"எந்த வெர்ஷன் தம்பி இது?"

"லேட்டஸ்ட்தான் அண்ணா. போன வாரம்தான் அப்டேட் பண்ணேன்."

"அப்டேட் பண்ணீங்களா, புது வெர்ஷனே போட்டீங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ரெண்டும் ஒண்ணுதானேன்னு நினைச்சிருந்தேன். ரிவ்யூவுக்கு மூணு நாள்தான் இருந்தது. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

ஒரு காஸ்டிங்கை வெச்சுப் பார்ப்போம்

ஒரு காஸ்டிங்கோட டிராயிங் மூலையில் ரிவிஷன் எழுத்து இருக்கும். அது டிசைன் எந்த நிலையில் இருக்குன்னு சொல்லும். காஸ்டிங் மேலேயே ஒரு ஹீட் நம்பரும் இருக்கும். அது எந்த உருக்கில் ஊத்தினதுன்னு சொல்லும். ஒரே ரிவிஷன்ல நூறு ஹீட் வரலாம். கஸ்டமர்கிட்ட இருந்து கம்ப்ளெய்ன்ட் வந்தா குவாலிட்டி ஆளுங்க முதல்ல கேட்கிறது ஹீட் நம்பரைத்தான்.

சாஃப்ட்வேர்ல அந்த ஹீட் நம்பர் மாதிரி இருக்கிறதுதான் பில்டு. எழுதின கோடை கம்பைல் பண்ணி ஒவ்வொரு தடவை வெளியே எடுக்கும்போதும் அதுக்கு ஒரு நம்பர் விழும். நம்ம ரெண்டு பேர்கிட்டயும் ஒரே வருஷத்து சாஃப்ட்வேர் இருக்கலாம். ஆனா உங்க பில்டு வேற, என் பில்டு வேற. உங்க லேப்டாப்ல கிராஷ் ஆகிற மாடல் என்னோடதுல நல்லா ஓடினா, முதல்ல பார்க்க வேண்டியது இந்த நம்பர். ஹெல்ப் மெனுவில் 'அபவுட்'னு இருக்கிறதை அழுத்தினால் பெரும்பாலும் தெரிஞ்சிடும்.

பேட்ச் என்பது ஒட்டு. கம்ப்யூட்டர் புரோகிராமைக் காகித டேப்பில் ஓட்டை போட்டு எழுதின காலத்தில், தப்பா விழுந்த ஓட்டை மேல நிஜமாவே காகிதத்தை ஒட்டி அடைச்சாங்க. அந்தப் பேர் அப்படியே நின்னுடுச்சு. ஹைவே பஞ்சர் கடையில் டயரை மாத்துறதில்லை, ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும் ஒட்டுவாங்க. பேட்சும் அதே வேலைதான்: ஒரு பிழை அல்லது ஒரு பாதுகாப்பு ஓட்டையை மட்டும் சரி பண்ணும். ஹாட்ஃபிக்ஸ்னு சொல்றதும் இதே வகை. அவசரமா வரும், அவ்வளவுதான்.

அப்டேட் கொஞ்சம் பெரிசு. பல பேட்ச்கள் சேர்ந்து வரும், சில சமயம் புது வசதியும் வரும். சாலிட்வொர்க்ஸ்ல இதை சர்வீஸ் பேக் என்பார்கள். ஒரு வருஷத்து வெர்ஷனுக்கு எஸ்பி0 தொடங்கி எஸ்பி5 வரை வரும். ஆட்டோகேட்ல 2024க்குப் பிறகு 2024.1 என்று புள்ளி வைத்து வரும்.

வெர்ஷன் மாறும்போதுதான் பெரிய மாற்றம். வெர்ஷனோட சேர்ந்து ஃபைல் எழுதப்படும் முறையும் மாறலாம். நாங்க மாட்டினது இங்கேதான்.

ஃபைல் மாறுமா?

இது சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் வேறுபடும். சாலிட்வொர்க்ஸ்ல வருஷா வருஷம் ஃபைல் ஃபார்மேட் மாறும். பழைய ஃபைல் புதுசில் திறக்கும். புது ஃபைல் பழசில் வழக்கம்போல் திறக்காது. 2024ல இருந்துதான், முந்தைய ரெண்டு வெர்ஷனுக்கு ஏற்ற மாதிரி சேவ் பண்ற வசதி வந்தது. ஆனா ஒரே வருஷத்துக்குள்ள சர்வீஸ் பேக் போட்டா பொதுவா இந்தப் பிரச்சினை இல்லை.

ஆட்டோகேட் வேற மாதிரி. 2018ல வந்த டிடபிள்யூஜி ஃபார்மேட்டேதான் 2025லயும் இருக்கு. வருஷம் மாறினாலும் ஃபைல் மாறலை. இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு டிடபிள்யூஜி ஃபைலை நோட்பேட்ல திறங்க. குப்பை எழுத்தா தெரியும். ஆனா முதல் ஆறு எழுத்து மட்டும் படிக்க முடியும். ஏசி1032ன்னு இருந்தா 2018 ஃபார்மேட். ஏசி1027ன்னா 2013, ஏசி1024ன்னா 2010. பார்த்ததும் எதையும் சேவ் பண்ணாம மூடிடுங்க.

சீமென்ஸ் என்எக்ஸ் 2019ல இருந்து வேற வழிக்குப் போயிடுச்சு. இடைவெளி விட்டு ஒரு பெரிய வெர்ஷன் என்பதை விட்டுட்டு, தொடர்ச்சியா வெளியிடுறாங்க. இப்போ பேரிலேயே தேதி இருக்கும்: 2406ன்னா 2024 ஜூன்.

பெரிய ஆளுங்களும் மாட்டியிருக்காங்க

ஏர்பஸ் ஏ380 விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் வயர் ஓடுது. ஜெர்மனியில் ஹாம்பர்க் டீம் கேட்டியா வி4ல டிசைன் பண்ணாங்க. பிரான்சில் துலூஸ் டீம் வி5. பேர் ஒண்ணுதான், உள்ளே ரெண்டும் வேற. ஒரு பக்கத்து மாற்றம் மறுபக்கத்துக்குச் சரியா போய்ச் சேரலை. விமானத்தைக் கோர்க்கும்போது வயர் நீளம் பத்தலை. தாமதத்துக்கு முக்கியக் காரணங்களில் இது ஒண்ணு. 2006ல கொடுக்க வேண்டிய முதல் விமானம் 2007 அக்டோபர்லதான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போச்சு.

அப்போ என்ன பண்ணலாம்?

முதல்ல, ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும் நாளே டீம்ல எல்லாரும் எந்த வெர்ஷன்னு முடிவு பண்ணுங்க. கல்லூரி லேப், பட்டறை ரெண்டையும் கேட்டு, இருக்கிறதிலேயே பழைய வெர்ஷனுக்கு எல்லாரும் இறங்கிடுங்க.

ரெண்டாவது, பேட்ச் வந்தா போடுங்க, முக்கியமா பாதுகாப்பு பேட்ச். அப்டேட் வந்தா, என்ன மாறியிருக்குன்னு ரிலீஸ் நோட்ஸைப் படிச்சிட்டுப் போடுங்க. புது வெர்ஷனை ப்ராஜெக்ட் முடியுற வரை தொடாதீங்க.

மூணாவது, போட்டே ஆகணும்னா முழு ஃபோல்டரையும் முதல்ல காப்பி எடுத்து வைங்க. புதுசில் ஒரு தடவை சேவ் ஆயிட்டா திரும்பி வர்றது கஷ்டம்.

நாலாவது, வெளியே கொடுக்கும்போது ஒரிஜினல் ஃபைலோட ஒரு ஸ்டெப் ஃபைலும், பிடிஎஃப் டிராயிங்கும் சேர்த்துக் கொடுங்க. ஸ்டெப் என்பது ஐஎஸ்ஓ 10303 தரம், பெரும்பாலான டிசைன் சாஃப்ட்வேர்ல திறக்கும். ஆனா வடிவம் மட்டும்தான் போகும், ஃபீச்சர் ட்ரீ போகாது.

அந்தக் கடைசி வரியை நாங்க பட்டறையிலேயே கத்துக்கிட்டோம். எங்களுக்கும் பட்டறைக்கும் நாலு வருஷ வெர்ஷன் இடைவெளி. ஹாஸ்டலுக்கு வந்து ஸ்டெப் எடுத்து அனுப்பினோம், திறந்தது. மறுநாள் அண்ணா போன் பண்ணினார்: "எம்10 போல்ட் பத்தாது தம்பி, எம்12 போடுங்க." 8.5 மில்லிமீட்டர் துளையை 10.2 ஆக்கணும். ஃபீச்சர் ட்ரீ இருந்திருந்தா அவரே ஒரு நம்பரை மாத்தியிருப்பார். நாங்கதான் மாத்தி, மறுபடி ஸ்டெப் எடுத்து அனுப்பினோம். ஃபிக்ஸ்சர் ரிவ்யூ அன்னைக்குக் காலையிலதான் கைக்கு வந்தது, பெயின்ட் அடிக்க நேரமில்லை.

இப்போ எங்க ஃபோல்டர்ல முதல் ஃபைல் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். சாஃப்ட்வேர் பேர், வெர்ஷன், சர்வீஸ் பேக், பில்டு: நாலே வரி. ஜூனியர்ஸ், நீங்க அதை முதல் நாளே எழுதிடுங்க.