பொதிகை மலைக் காணிகள்

பழந்தமிழ்க் கணக்கில் காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முந்திரி, அரைக்காணி, காணி, மா என்று வாய்பாடு ஒப்பித்த காலம் ஒன்று இருந்தது. நில அளவையிலும் ஒரு காணி உண்டு. அது ஏறக்குறைய 1.32 ஏக்கர். மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வரும் நில உரிமைக்கும் காணி என்றே பெயர். காணியாட்சி என்ற சொல்லை வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படித்திருக்கலாம்.

இந்த மூன்றாம் பொருளையே தம் பெயராகக் கொண்ட மக்கள் தாமிரபரணி பிறக்கும் மலையில் வாழ்கிறார்கள். காணிக்காரர் என்றும், சுருக்கமாகக் காணிகள் என்றும் அவர்களை அழைக்கிறோம். நில உரிமையையே பெயரில் வைத்திருக்கும் இவர்களுக்கு, அந்த நிலத்தில் தமக்குள்ள உரிமையைக் காகிதத்தில் காட்டுவது மட்டும் பெரும்பாடாக இருந்து வந்திருக்கிறது. அது ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். முதலில் மலையேறுவோம்.

திருநெல்வேலியிலிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் சென்றால் பாபநாசம். அதற்கு மேலே காரையாறு அணை. அதற்கும் மேலே வாணதீர்த்தம் அருவி. எல்லாவற்றுக்கும் மேலாக 1,800 மீட்டரைத் தாண்டி நிற்கும் அகத்தியர் மலை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் இம்மலை வாங்கிக் கொள்கிறது. தாமிரபரணி வற்றாத ஆறாக இருப்பதன் காரணம் அதுதான். மலையின் கிழக்குச் சரிவில் சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி, அகஸ்தியர் காணிக் குடியிருப்பு என்று காணிகளின் ஊர்கள் இருக்கின்றன. இவற்றுள் இஞ்சிக்குழி காரையாறு நீர்த்தேக்கத்துக்கு அப்பால், காட்டின் உள்ளே இருக்கிறது. அங்குள்ளவர்கள் அரிசி, உப்பு வாங்கவும் நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து வரவேண்டும். மேற்குச் சரிவிலும் காணிகள் உண்டு. அது கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம். தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். மக்கள் ஒன்றுதான், மலை முகடுதான் நடுவே நிற்கிறது.

அவர்கள் பேச்சைக் கேட்டால் தமிழ்க் காதுக்குப் பாதி புரியும், மலையாளக் காதுக்கு மீதி புரியும். மலம்பாஷை என்று அதைச் சொல்வதுண்டு. அவர்களுடைய ஊர் அமைப்பில் சில சொற்கள் நமக்கு இலக்கண வகுப்பையே நினைவூட்டுகின்றன. ஊர்த் தலைவர் மூட்டுக்காணி. ஊரைக் கூட்டுவதற்கு வீடு வீடாகச் சொல்லி அழைப்பவர் விளிக்காணி. எட்டாம் வேற்றுமைக்கு விளி வேற்றுமை என்று ஏன் பெயர் வந்தது என யாராவது கேட்டால், இந்த விளிக்காணியை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள். மூன்றாமவர் பிலாத்தி. மருத்துவரும் பூசாரியும் அவரே.

திருமண உறவு முறையும் நெல்லைச் சீமைக்காரர்களுக்குப் புதிராக இராது. காணிகள் பல இல்லங்களாகப் பிரிந்திருக்கிறார்கள். சில இல்லங்கள் தமக்குள் அண்ணன் தம்பி முறை. அவற்றுக்குள் பெண் எடுப்பதில்லை. மற்றவை மச்சான் முறை, அங்கேதான் சம்பந்தம். சமவெளியில் கிளை பார்த்துத் திருமணம் பேசுவதும் இதே கணக்குத்தான்.

கிழங்கும் தேனும்

காணிகளின் முக்கிய உணவு மரச்சீனிக் கிழங்கு. மரவள்ளி என்றும் இதைச் சொல்கிறோம். பழங்குடி மக்கள் என்றவுடன் ஆதிகாலம் முதல் எதையும் மாற்றாமல் வாழ்பவர்கள் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அவர்கள் இந்தக் கிழங்கைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மரச்சீனி தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரில் பஞ்சத்துக்கு உதவும் உணவாக அது பரப்பப்பட்டது. காணிகள் அதை ஏற்று, தம் சரிவு நிலத்துக்கு ஏற்றபடி பயிரிட்டுத் தம்முடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். மாறாக, வாழையோடும் கிழங்கோடும் அவர்கள் வளர்க்கும் மிளகு இதே மேற்கு மலைத்தொடரின் சொந்தக் கொடி. அதைத் தேடித்தான் ஐரோப்பியக் கப்பல்கள் வந்தன.

மரச்சீனியில் ஒரு வேதியியல் பாடமும் இருக்கிறது. கிழங்கின் செல்களுக்குள் லினமரின் என்ற பொருளும், அதைச் சிதைக்கும் நொதி ஒன்றும் தனித்தனியே இருக்கின்றன. கிழங்கை வெட்டினாலோ எலி கடித்தாலோ இரண்டும் கலக்கின்றன. அப்போது ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு உண்டாகிறது. செடிக்கு இது ஒரு காவல். ஆகவேதான் கிழங்கைத் தோல் சீவி, துண்டாக்கி, திறந்த பானையில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டிவிடுகிறார்கள். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 பாகை செல்சியஸ்தான்; கொதிக்கும் பானையிலிருந்து அது ஆவியாகப் போய்விடும். மீதிப் பொருள் நீரோடு போகும். நம் வீட்டுச் சமையலறையிலும் இதே முறைதான். ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமலே இந்த முறை நிலைபெற்றிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பயிர் செய்வதோடு காட்டிலிருந்து எடுப்பதும் உண்டு. வள்ளி இனத்துக் காட்டுக் கிழங்குகளைத் தோண்டுகிறார்கள். கொடியும் கிழங்கும் சேருமிடத்தை விட்டுவைத்து மண்ணை மூடினால் அதிலிருந்து மறுபடி துளிர்க்கும். காட்டை நம்பி வாழ்பவர்கள் இதை அறிவார்கள்.

தேனெடுப்பது இன்னும் கடினம். பாறைச் செங்குத்திலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றை அடையாகக் கூடு கட்டும் மலைத்தேனீ, நம் பகுதித் தேனீக்களிலேயே பெரியது, கோபக்காரியும் அதுவே. தேனெடுப்பவர்கள் பொதுவாக நிலவில்லாத இரவையே விரும்புகிறார்கள். காரணம், நிலவொளியில் இந்தத் தேனீயால் பறக்க முடியும். கும்மிருட்டில் அது தடுமாறும். புகை எதற்கு? ஒரு தேனீ கொட்டியதும் ஒரு மணப்பொருள் காற்றில் பரவி, 'எதிரி இங்கே' என்று மற்றவற்றுக்கு அறிவிக்கிறது. புகை அந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது.

இனி இசைக்கு வருவோம். காணிகளின் தனிக் கருவி கொக்கரை. பற்களாக வெட்டப்பட்ட விளிம்புகளை உடைய இரும்புக் குழல் அது. அந்தப் பற்களின் மேல் ஒரு இரும்புக் கம்பியை உரசி ஓசை எழுப்புகிறார்கள். இதன் இயற்பியலைப் புரிந்துகொள்ள நீங்கள் மலையேற வேண்டாம். ஒரு சீப்பை எடுத்துப் பற்களின் மேல் நகத்தை மெல்ல இழுங்கள். தனித்தனி 'டிக்' ஓசைகள் கேட்கும். வேகமாக இழுங்கள், அவை சேர்ந்து 'கர்ர்' என்ற ஒரே சுருதியாகும். நொடிக்கு எத்தனை பற்கள் தட்டுப்படுகின்றனவோ அதுவே அந்த ஓசையின் அதிர்வெண். நோயுற்றவருக்காகப் பிலாத்தி இரவு நெடுகப் பாடும் சாற்றுப்பாட்டுக்குக் கொக்கரைதான் துணை. சாற்றுதல் என்றால் எடுத்துரைத்தல். பாட்டால் நோய் தீருமா என்று நீங்கள் கேட்கலாம். கிருமி பாட்டுக்கு அஞ்சாது. ஆனால் ஊரே கூடி ஒருவருக்காக விழித்திருப்பது நோயாளிக்கு எவ்வளவு தெம்பு என்பது, மருத்துவமனை வராந்தாவில் தனியே படுத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும். தவிர, பிலாத்தியிடம் பாட்டு மட்டும் இல்லை. பச்சிலை அறிவும் இருக்கிறது.

ஒரு சிறு பழத்தின் கதை

1987-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அறிவியலாளர் குழு ஒன்று அகத்தியர் மலைக்காட்டில் சுற்றியது. தாவரவியலாளர் பி. புஷ்பாங்கதன் அதன் தலைவர். வழிகாட்டியாக வந்தவர்கள் காணிகள். ஏற்றத்தில் அறிவியலாளர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளோ ஏதோ ஒரு சிறு பழத்தை அவ்வப்போது வாயில் போட்டுக்கொண்டு களைப்பின்றி நடந்தார்கள். என்ன பழம் என்று கேட்டபோது உடனே சொல்லவில்லை. அது பிறருக்குச் சொல்லத் தகாத குல அறிவு. வற்புறுத்திக் கேட்ட பின்னரே செடியைக் காட்டினார்கள். தரையோடு வளரும் அச்செடியின் அறிவியற் பெயர் டிரைக்கோப்பஸ் ஸெய்லானிக்கஸ். ஆரோக்கியப் பச்சை என்ற பெயரில் அது பின்னர் புகழ் பெற்றது.

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் இச்செடியோடு வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை ஆர்ய வைத்திய பார்மஸிக்கு அதைச் செய்து விற்கும் உரிமை 10 லட்ச ரூபாய்க்கும், விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் கொடுக்கப்பட்டது. நிறுவனம் தனக்கு வந்ததில் சரிபாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. அதைப் பெற 1997-ல் காணிகளின் நல அறக்கட்டளை ஒன்று பதிவாயிற்று. பழங்குடி அறிவுக்குப் பங்கு தரவேண்டும் என்று இந்தியாவில் சட்டமே இல்லாத காலம் அது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002-ல்தான் வந்தது. ஆகவே உலகமெங்கும் இதை ஒரு முன்மாதிரியாகப் பேசினார்கள்.

பேச்சு நியாயமானதே. ஆயினும் ஒரு கேள்வியை நீங்களும் எழுப்பலாம். அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. செடியோ முகட்டின் இரு பக்கமும் முளைக்கிறது, இலங்கையிலும் வளர்கிறது. அதை அறிந்த மக்களும் இரு பக்கமும் இருக்கிறார்கள். ஓர் அறிவு ஒரு குலம் முழுவதற்கும் சொந்தமாக இருக்கும்போது, பங்கை யாருக்குக் கொடுப்பது? இதற்கு இன்றும் எளிய விடை இல்லை. (இன்னொன்று: இதைப் படித்துவிட்டுக் காட்டில் கண்ட பழத்தைத் தின்று பார்க்காதீர்கள். ஒன்றுபோல் தோன்றும் இரு செடிகளில் ஒன்று நஞ்சாக இருக்கலாம்.)

ஒரு தாலுகாவின் பெயர்

முகடு குறுக்கே நின்றது இந்த ஒரு முறை மட்டுமல்ல. நம் அரசியல் சட்டத்தின் 342-ஆம் பிரிவின்படி, எந்த மக்கள் பட்டியல் பழங்குடியினர் என்று குடியரசுத் தலைவர் ஆணையிடுகிறார். அந்தப் பட்டியலில் பிறகு ஒரு சொல்லைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால்தான் முடியும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழியாக மாநிலங்கள் அமைந்தபோது, அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் தமிழகத்தோடு இணைந்தன. அப்பகுதிகளுக்கான பட்டியலில் காணிக்காரர் பெயர் இருந்தது. பாபநாசம் மலை உள்ள அம்பாசமுத்திரம் தாலுகா பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அதற்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. 1976-ல் பட்டியல் திருத்தப்பட்ட பின்னும் 'கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருநெல்வேலி மாவட்டம் செங்கோட்டை தாலுகாவிலும்' என்ற வரம்பு அப்படியே நின்றது.

இதன் பொருளைப் பாருங்கள். ஒரே மொழி, ஒரே இல்லம், ஒரே கொக்கரை. ஒரு தாலுகாவில் பிறந்த பிள்ளை சட்டப்படி பழங்குடி. பக்கத்துத் தாலுகாவில் பிறந்த அதன் மாமன் மகள் பழங்குடி அல்லள். சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, இட ஒதுக்கீடு எல்லாம் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. 2003-ஆம் ஆண்டு சனவரியில் வெளியான திருத்தச் சட்டம்தான் 'செங்கோட்டை' என்பதோடு 'அம்பாசமுத்திரம்' என்ற சொல்லையும் சேர்த்தது. 1956-லிருந்து கணக்கிட்டால் 46 ஆண்டுகளுக்கு மேல். அந்த இடைவெளியில் பள்ளி முடித்த தலைமுறைக்கு அது திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

அந்த ஒரு சொல் எவ்வளவு கனமானது என்பது விரைவிலேயே தெரிந்தது. காணிகளின் குடியிருப்புகள் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்களாகி, 1988-ல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. காட்டில் வாழ்வோரின் நிலத்துக்கும், தேன் போன்ற சிறு வனப்பொருளுக்கும் உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-ல் இயற்றப்பட்டது. அதன்படி பட்டியல் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்நிலத்தில் வாழ்ந்து வருவதைக் காட்டினால் போதும். பட்டியலில் இல்லாத பிறர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். இருபருவ மழையும் கொட்டும் மலையில், கூரை வீட்டுக்குள் 75 ஆண்டுக் காகிதத்தை யார் பத்திரப்படுத்த முடியும்? அம்பாசமுத்திரம் என்ற சொல் இன்னும் ஐந்து ஆண்டு தாமதித்திருந்தால் பாபநாசம் காணிகள் அந்த இரண்டாம் வரிசையில் நின்றிருப்பார்கள்.

உரிமை கோருவோர் எதைச் சான்றாகக் காட்டலாம் என்றும் அச்சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. அரசு ஆவணங்கள் மட்டும்தான் என்பதில்லை. ஊர்ப் பெரியவர்கள் சொல்ல எழுதிக்கொண்ட வாக்குமூலம் சான்றாகும். வீடு, கிணறு, வழிபாட்டிடம், முன்னோரைப் புதைத்த இடம் ஆகியவையும் சான்றாகும். கோரிக்கையை முதலில் விசாரிப்பது மேலே உள்ள அலுவலகமன்று, கிராம சபைதான். அந்தச் சபை கூடுகிறது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லக் காணிகளிடம் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்: விளிக்காணி.