ஊர் வரலாற்றுக்குப் பழைய வழக்கு ஆவணங்கள்: முதலில் எங்கே போவது?

ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் பழைய கலவரம், கொலை, கோயில் தகராறு என்று ஒன்றைத் தேடத் தொடங்கியதும் முதலில் போவது உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத்தான். சம்பவம் நடந்த எல்லை அது, எஃப்.ஐ.ஆர். போட்டதும் அங்கேதான் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. என் கருத்தில் அது கடைசியாகப் போக வேண்டிய இடம். தமிழ்நாட்டில் ஒரு வழக்கு எவ்வளவு மேலே போனதோ அவ்வளவுக்கு அதன் காகிதங்கள் பிழைத்திருக்கின்றன. ஆகவே மேலிருந்து கீழே தேடிக்கொண்டு வாருங்கள்.

செலவில்லாமல் வீட்டிலிருந்தே தொடங்கக்கூடியது அச்சில் வந்த தீர்ப்புகள். இந்தியன் லா ரிப்போர்ட்ஸின் மெட்ராஸ் வரிசை 1876 முதலும், மெட்ராஸ் லா ஜர்னல் 1891 முதலும் வருகின்றன. பழைய தீர்ப்புகள் பலவற்றை இந்தியன் கானூன் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். 1911இல் மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட வழக்கின் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நீதிபதிகளில் சங்கரன் நாயர் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். பெரும்பான்மைத் தீர்ப்போடு அதையும் சேர்த்துப் படித்தால்தான் அரசுத் தரப்பு சாட்சியங்களில் எது உறுதி, எது தளர்ச்சி என்று தெரியும். ஆனால் சட்டப் பிரச்சினை எழுந்த வழக்குகள்தான் இந்தத் தொகுதிகளில் ஏறின. செஷன்ஸ் கோர்ட்டோடு முடிந்துபோன உங்கள் ஊர்க் கொலை வழக்கு பெரும்பாலும் இருக்காது.

தீர்ப்பை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1973இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பு ஒன்றை மட்டும் படிக்கிறவருக்கு என்ன கிடைக்கும்? யார் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை என்பது கிடைக்கும்; கூலிப் போராட்டம் கிடைக்காது, ஊர் கிடைக்காது. கீழ்க்கோர்ட் தீர்ப்பும் சாட்சியங்களும் அக்காலப் பத்திரிகைகளும் சேர்ந்தால்தான் அது வரலாறாகும்.

அடுத்தது எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் இங்கே போங்கள். வழக்குக் கட்டு முழுதாக இங்கே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு சம்பவம் அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்தபோது கலெக்டர் எழுதிய கடிதம், போலீஸ் சூப்பரின்டென்டென்ட் அனுப்பிய அறிக்கை, ஊர்க்காரர்கள் கொடுத்த மனு, கடைசியில் போட்ட அரசாணை ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காவல்துறை விஷயங்கள் பெரும்பாலும் ஜூடிஷியல் என்ற துறைத் தலைப்பில்தான் இருக்கின்றன. ஆண்டுவாரியான அட்டவணையில் ஊர்ப்பெயரையோ பொருளையோ பார்த்து, அரசாணை எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, சீட்டு எழுதிக் கொடுத்தால் தொகுதி வரும். ஆய்வு பற்றிய அறிமுகக் கடிதமும் அடையாளச் சான்றும் கையில் இருக்கட்டும்.

இங்கே பலர் தோற்றுத் திரும்புவது மாவட்ட எல்லையால். 1899 சிவகாசிக் கலவரத்தை ராமநாதபுரம் தலைப்பில் தேடினால் ஒன்றும் வராது. ராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் உருவானது. அதற்கு முன் சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அட்டவணையில் அதுவும் டின்னவெல்லி என்றே இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் 1956க்கு முந்தியவற்றைத் திருவனந்தபுரத்தில் தேட வேண்டும். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், அதற்குத் தனிக் கோர்ட்டுகள் இருந்தன. சாதிப்பெயர்களையும் அன்றைய அரசு எழுதியபடியே தேட வேண்டியிருக்கும். அவற்றில் சில இன்று இழிசொற்கள். தேடுவதற்கு அவை தேவை. நாம் எழுதும்போது அந்த மக்கள் ஏற்ற பெயரையே எழுத வேண்டும்.

1859க்கு முன் இன்றைய வடிவில் போலீஸே இல்லை. அந்த ஆண்டுச் சட்டத்தால்தான் மெட்ராஸ் மாகாணப் போலீஸ் அமைந்தது. அதற்கு முந்திய காலத்துக்கு ஊர்க்காவல்காரர், தாசில்தார் பற்றிய வருவாய்த்துறைக் காகிதங்களையே பார்க்க வேண்டும். மெட்ராஸ் மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையத்தின் 1855ஆம் ஆண்டு அறிக்கை அச்சிலேயே இருக்கிறது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் குடியானவர்களை என்ன பாடுபடுத்தினார்கள் என்று அவர்களே முறையிட்டதை அதில் படிக்கலாம். 1850களின் கிராமத்தைப் பற்றி எழுதுகிற எவரும் அதைப் படிக்காமல் எழுதக் கூடாது.

குற்ற வழக்கைவிட ஊர் வரலாற்றுக்கு அதிகம் உதவுவது சிவில் வழக்கு. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொலை வழக்கில் சாட்சியிடம் அன்றிரவு என்ன பார்த்தாய் என்று கேட்பார்கள். கோயில் முதல்மரியாதை, கண்மாய்த் தண்ணீர், ஜமீன் வாரிசு ஆகியவை பற்றிய வழக்கில், உன் தாத்தா காலத்தில் வழக்கம் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். பூசாரியும் கணக்குப்பிள்ளையும் குடும்பனும் கூண்டில் நின்று சொன்ன பதில்கள் அப்படியே பதிவாகியிருக்கும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை ஒட்டி எழுந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் முடிந்தது. அங்கே போன வழக்குகளுக்குக் கீழ்க்கோர்ட் சாட்சியம் உட்பட எல்லாவற்றையும் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். அந்தத் தொகுதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகம் போன்ற இடங்களில் இருக்கின்றன. தீர்ப்புகள் பலவும் பெய்லி (BAILII) இணையதளத்தில் கிடைக்கின்றன. சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன் வழக்குகளும் இவ்வாறு லண்டன் போனவையே. இங்கிருந்து ஜூடிஷியல் நடவடிக்கைக் குறிப்புகளின் படியும் லண்டனுக்கு அனுப்பப்பட்டதால், எழும்பூரில் அழிந்துபோன ஒன்று அங்கே இருக்க வாய்ப்புண்டு.

மாவட்ட நீதிமன்ற ரெக்கார்டு ரூமுக்கு வழக்கு எண், ஆண்டு, கோர்ட் பெயர் மூன்றும் தெரிந்த பிறகே போங்கள். எண் தெரியாமல் போனால் அங்குள்ளவர்கள் விரும்பினாலும் உதவ முடியாது. 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டப்படி உயர் நீதிமன்றம் வகுத்த விதிகளின்கீழ் காலம் கடந்த கட்டுகளை அழிக்கிறார்கள். தீர்ப்பு நெடுநாள் இருக்கும், மற்றவை முன்பே போய்விடும். வழக்கில் சம்பந்தப்படாதவர் நகல் கேட்டால் காரணம் காட்டி மனுப்போட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு இந்த வழியைச் சுருக்க முடியாது. கோர்ட் நகலைக் கோர்ட் விதிப்படியே பெற வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தகவல் உரிமைச் சட்டம் பயன்படுகிற இடம் காவல் நிலையம். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். 20 ஆண்டுகளுக்கு முந்திய தகவலுக்கு, நாட்டுப் பாதுகாப்பு போன்ற சில காரணங்கள் தவிர மற்ற விலக்குகளைக் காட்ட முடியாது என்று அச்சட்டத்தின் 8(3) பிரிவு சொல்கிறது. மனுவில் அதை எழுதுங்கள். பதிவேடு அழிந்திருந்தால், எந்த உத்தரவின்படி, எந்த ஆண்டில் அழிக்கப்பட்டது என்றும் அதே மனுவில் கேளுங்கள். அந்தப் பதிலும் ஓர் ஆவணம்தான். புலன் விசாரணையின் கேஸ் டைரியை எதிர்பார்க்க வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவருக்கே அதைப் பார்க்கும் உரிமை இல்லை. ஹிஸ்டரி ஷீட்டும், குற்றப்பரம்பரைச் சட்டக் காலத்து ரேகைப் பதிவேடும் கைக்கு வந்தால் மிகுந்த கவனம் வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களைச் சுட்டார்கள். குழந்தை பிறந்த சாதியை வைத்தே குற்றவாளி என்று எழுதிய ஏடுகள் அந்த ரேகைப் பதிவேடுகள். அவற்றிலிருக்கும் பெயர்களை, பேரப்பிள்ளைகள் அதே ஊரில் வாழ்கையில், அச்சில் ஏற்றக் கூடாது.

தேதியே தெரியாதவர்கள் என்ன செய்வது? பத்திரிகையிலிருந்து தொடங்கலாம். சுதேசமித்திரன் 1882இலும் தி ஹிந்து 1878இலும் தொடங்கியவை. கொலைச்சிந்து என்ற பெயரில் சந்தையில் விற்ற சிறு பிரசுரங்களையும் விட்டுவிடாதீர்கள். சென்னை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய பழைய பிரசுரங்கள் உண்டு. விவரம் முன்பின்னாக இருந்தாலும், ஊர், மாதம், கொலையுண்டவர் பெயர் கிடைத்தால் எழும்பூருக்குப் போக அது போதும்.

இன்னொரு இடமும் இருக்கிறது: பழைய வக்கீல் வீடுகள். தாத்தா நடத்திய வழக்குகளின் கேஸ் கட்டுகளும் அச்சிட்ட அப்பீல் புத்தகங்களும் பரணில் கிடக்கின்றன. கோர்ட்டில் அழிந்த சாட்சியத்தின் ஒரே படி அதுவாகவே இருக்கலாம். அப்படி ஒரு கட்டு உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். ஒரு நூலகத்துக்கோ ஊர் வரலாறு எழுதுகிற ஒருவருக்கோ முதலில் காட்டுங்கள்.